பிளேன் ஏன் வடக்கே ஏறிப் போகிறது?

மார்த்தாண்டத்துப் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், நியூயார்க்கில் வேலை பார்க்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து அங்கே எவ்வளவு தூரம் என்று பெரியம்மா கேட்டதும் போனில் தட்டிக் காட்டினேன். சுமார் 13,780 கிலோமீட்டர். அவர் எண்ணைவிட, வில்லாக வளைந்து நின்ற கோட்டைத்தான் உற்றுப் பார்த்தார். “மேற்க போவ வேண்டிய பிளேன் ஏன் மக்ளே வடக்க ஏறிப் போவுது?”

அருமையான கேள்வி. கால்பந்து உருளாத கடற்கரை ஊர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரிது. பந்து ஒன்றை எடுத்து அதில் இரண்டு புள்ளி வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். மிகக் குறுகிய வழியில் நூல் தானாகவே படிந்துவிடும். அதை அப்படியே சுற்றிக் கொண்டுபோனால் பந்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம் கிடைக்கும். பெருவட்டம் என்பார்கள். போன் சொன்ன தூரம் அந்த நூலின் நீளம்.

சரி, அது வடக்கே போவானேன்? தீர்க்கரேகைகள் ஆரஞ்சுச் சுளைகளின் ஓரங்களைப் போல, துருவத்தை நெருங்க நெருங்க ஒடுங்குகின்றன. கன்னியாகுமரி அருகே ஒரு டிகிரி மேற்கே நகர 110 கிலோமீட்டர் போக வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி வடக்கில் அதே ஒரு டிகிரிக்கு 56 கிலோமீட்டர் போதும். பள்ளிக்கூடச் சுவர்ப்படத்திலோ இந்தக் கோடுகள் ஒரே இடைவெளியில் நேராக நிற்கும். வடக்கு அங்கே இழுத்து அகலமாக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் நமக்கு சுமார் 151 டிகிரி மேற்கே. அத்தனையையும் அகலமான தெற்கில் கடப்பதைவிட, வடக்கே 64 டிகிரி வரை ஏறி ஒடுக்கமான இடத்தில் கடந்து இறங்குவது லாபம். படத்தில் அடிக்கோல் வைத்துப் போட்ட கோட்டில் போனால் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் கூடிவிடும்.

துபாய்க்கு அப்படி இல்லை. 2,950 கிலோமீட்டர் பயணத்தில் இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் ஓரிரு கிலோமீட்டர்தான். வளைகுடா போய்வரும் நம் ஆட்கள் இந்த வளைவைக் கவனிக்காததில் வியப்பில்லை.

போன் உண்மையில் அளப்பது ஒரு கோணத்தை. இரண்டு ஊரிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடு இழுத்தால் நடுவே கிட்டத்தட்ட 124 டிகிரி வருகிறது. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் சொச்சம். பெருக்கினால் தூரம். தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் கணக்குப் பார்க்கும் நாட்டிக்கல் மைலும் இதே கோணத்தில் பிறந்ததுதான்: ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு, 1.852 கிலோமீட்டர். விமானிக்கும் அதே அளவுதான். ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று இந்த நாட்டில் அளக்க, 1802-இல் சென்னையில் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவை கன்னியாகுமரியிலிருந்து இமயமலை வரை நீண்டது. நம் ஊர் அந்தக் கணக்கின் தென்முனை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அப்புறம், திருவனந்தபுரத்திலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் இல்லை. வழியில் இறங்கி மாற வேண்டும். அதனால் பறக்கும் தூரம் கூடும். பெரியம்மாவுக்கு அதைவிட முக்கியமாக இன்னொன்று சொல்ல இருந்தது. வடக்கே பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று. அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது அதுவே விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். தூரம் அதேதான் என்றாலும், பறக்கும் நேரம் பெரும்பாலும் குறையும்.