நிழலுக்கு விளக்கு தேவையில்லை

திரையில் ஒரு படம் பின்னணியிலிருந்து சற்றே எழும்பி நிற்பதுபோல் தெரிந்தால், அதன் கீழோரத்தில் படிந்திருக்கும் சாம்பல் நிழல்தான் காரணம். ஆனால் அங்கே விளக்கும் இல்லை, ஒளிக்கதிர்க் கணக்கும் இல்லை. நடப்பது வெறும் நகலெடுப்பு.

படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஆல்பா என்ற நான்காவது எண்ணும் உண்டு. அது 0 என்றால் பின்னால் இருப்பது முழுக்கத் தெரியும். 255 என்றால் துளியும் தெரியாது. நிழலுக்கு நிறங்கள் எதற்கு? ஆல்பாவை மட்டும் நகலெடுத்து, கறுப்பு பூசி, சில பிக்சல் தள்ளிப் படத்துக்கு அடியில் வைத்தால் போதும். பார்க்கத்தான் சகிக்காது, கத்தரித்து ஒட்டிய கறுப்புக் காகிதம் போலிருக்கும்.

மெய்யான நிழலின் ஓரம் கரைந்திருக்கும். விளக்குக்கு அகலம் உண்டு. ஓரத்தில் அதன் ஒரு பகுதி மட்டுமே மறைகிறது. இந்தக் கரைவைச் சராசரியால் போலி செய்யலாம். ஓரத்தில் ஆல்பா 255, 255, 255, 0, 0, 0 என்று இருக்கட்டும். ஒவ்வொன்றையும் அதன் இருபக்க எண்களோடு சேர்த்து மூன்றால் வகுத்தால், செங்குத்தான அந்தச் சரிவு 255, 170, 85, 0 என்று படிப்படியாக இறங்கும். நிழலின் அடர்த்தியைப் பாதியாக்கி வெள்ளைப் பின்னணியில் வைத்தால், 85 உள்ள இடம் ஆறில் ஒரு பங்கு மட்டும் கறுக்கும்: வெள்ளையின் நிற எண் 255 சுமார் 212 ஆகும்.

சிக்கல் வேகத்தில். பத்து பிக்சல் ஆரத்துக்கு, அதாவது எல்லாப் பக்கமும் பத்து பிக்சல் வரை சேர்த்துச் சராசரி எடுக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் 21 × 21, அதாவது 441 எண்களைக் கூட்ட வேண்டும். முதலில் கிடையாகவும், கிடைத்ததை நெடுக்காகவும் சராசரி எடுத்தால் 42 போதும், விடை மாறாது. இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது: ஓடும் கூட்டுத்தொகை. நகரும்போது புதிதாக நுழையும் எண்ணைக் கூட்டி, வெளியேறுவதைக் கழித்தால் ஆரம் எவ்வளவு பெரிதானாலும் வேலை கூடாது. இதையே மூன்று முறை செய்தால் காஸியன் என்ற மணி வடிவ வளைவுக்கு மிக நெருக்கமான மென்மை வந்துவிடும்.

நான் முதலில் எழுதிய நிழலின் ஓரம் கத்தியால் சீவியதுபோல் நின்றது. சராசரிக் கணக்கையே வெகுநேரம் குடைந்துகொண்டிருந்தேன், அதில் குற்றமில்லை. ஆரம் 4 என்பதால் சுற்றிலும் 4 பிக்சல் இடம் விட்டிருந்தேன். மூன்று சுற்றில் நிழல் 12 பிக்சல் பரவியிருந்தது; இடத்தைத் தாண்டியதெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது.