பரண்மேல் மனிதன், தலைமேல் ஆந்தை

நவம்பர் மாத விடியல். வட அமெரிக்கக் காடு ஒன்றில், தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் மரத்தோடு சேர்த்துக் கட்டிய பரணில் ஒருவர் இருட்டிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். காத்திருப்பது வெள்ளைவால் மானுக்கு. ஒரு மணி நேரமாக ஆடவில்லை, அசையவில்லை. எங்கிருந்தோ ஒரு சிக்கடிக் குருவி பறந்து வந்து துப்பாக்கிக் குழலின் நுனியில் உட்காருகிறது. பன்னிரண்டு கிராம்கூட இருக்காது. குழல்மேல் இரண்டு தத்து தத்திவிட்டு அவர் முழங்காலுக்குத் தாவுகிறது, அங்கிருந்து தொப்பியின் விளிம்புக்கு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்.

மான் வேட்டைக்குப் போய் வருகிறவர்களிடம் மானைச் சுட்ட கதைகளைவிட இந்த மாதிரிக் கதைகள்தான் அதிகம். அணிலைப் பார்த்துத் துப்பாக்கி தூக்கியவர், தொப்பியை ஆந்தையிடம் பறிகொடுத்தவர், ஒரு தோட்டாவைக்கூட வெடிக்காமல் எல்லாவற்றையும் தரையில் கொட்டியவர் என்று வரிசையாக வரும். கேட்கும்போது சிரிப்பு வரும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், யாரோ ஒருவருடைய கண்ணோ காதோ மூக்கோ தன் வேலையைச் சரியாகவே செய்து தவறான முடிவுக்கு வந்திருப்பது தெரியும். எனக்கு இந்தக் கதைகள்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் மானின் கண். அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடை அணிவது சட்டப்படி கட்டாயம். ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே மனிதர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்த உடையோடு ஒருவர் உட்கார்ந்திருக்க, மான் அவரைப் பார்த்தபடியே அசை போட்டுக்கொண்டு நிற்கும். நமக்கு நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை: ஒன்று சுமார் 455 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலத்தை நன்றாக உணர்வது, இன்னொன்று சுமார் 537 நானோமீட்டர் பச்சையை. வேட்டை உடையின் ஆரஞ்சு 600 நானோமீட்டரை ஒட்டியது. அந்த இடத்தில் மானின் கண் ஏறக்குறைய கை விரித்துவிடுகிறது. காய்ந்த புல்லின் மங்கலான நிறத்தைத் தாண்டி அதற்கு அதில் வேறொன்றும் தெரிவதற்கில்லை.

நீல ஜீன்ஸ் அணிந்து வந்தவர் பாடு நேர் எதிர். அவர் மானின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவார். அதைவிடப் பரிதாபம், உருமறைப்பு உடை வாங்கி அதைச் சுத்தமாகத் துவைத்து உடுத்தி வருகிறவரின் நிலை. துணி வெளுப்பாகத் தெரிவதற்காகப் பல சலவைத் தூள்களில் கலக்கும் பொருள், புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும். நம் கண்ணின் லென்ஸ் புற ஊதாவைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. மானின் லென்ஸில் அந்த வடிகட்டி இல்லை. விடியலிலும் அந்தியிலும் வானிலிருந்து வரும் வெளிச்சத்தில் நீலமும் புற ஊதாவும் ஓங்கியிருக்கும். மான் நடமாடுவதும் அந்த வேளையில்தான். இலைக்கு இலை, கிளைக்குக் கிளை பார்த்துப் பார்த்து அச்சிட்ட உடை அவருக்கு மறைவிடமாக இல்லாமல் மெல்லிய நீல விளக்காக ஆகிவிடுகிறது.

மானின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட 300 பாகை தெரியும். தலையைத் திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் வரை பார்த்துவிடும். கிடைமட்டமாக நீண்ட கண்பாவையும், விழித்திரையில் குறுக்குப் பட்டையாகச் செறிந்த செல்களும் அடிவானம் முழுவதையும் ஒரே நேரத்தில் கண்காணிக்க ஏற்றவை. இந்த அகலத்துக்கு அது கொடுக்கும் விலை கூர்மை. நுணுக்கமான விவரத்தைப் பிரித்தறிவதில் நம்மைவிடப் பின்தங்கியது. அசைவது எதுவானாலும் உடனே பிடிக்கும். அசையாதது எதுவானாலும் அடிமரமாக இருக்கலாம். சந்தேகம் தீராத மான் ஒரு வேலை செய்யும். மேய்வதுபோலத் தலையைத் தாழ்த்தும்; சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். மறுபடி தாழ்த்தும், மறுபடி நிமிரும். மான் மேய்கிறது என்று நம்பிக் கையை நகர்த்துகிற மனிதர் அந்த நொடியில் மாட்டிக்கொள்வார். பிறகு முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டி, மூக்கால் பீறிட்டுச் சீறி, வெள்ளை வாலைக் கொடிபோல உயர்த்திக்கொண்டு ஓடும். அந்த வால் ‘உன்னைப் பார்த்துவிட்டேன், துரத்திப் பயனில்லை’ என்று எதிரிக்குச் சொல்லும் அறிவிப்பு என்று விலங்கியலாளர்கள் விளக்குகிறார்கள்.

கண்ணை ஏமாற்றிவிடலாம், மூக்கை ஏமாற்றுவது கடினம். ஆனாலும் சில காலைகளில் மான் பரணுக்கு நேர் கீழேயே வந்து நிற்கும். அதற்குக் காரணம் காற்று. வெயில் படப்பட நிலத்தை ஒட்டிய காற்று சூடேறிச் சரிவில் மேல்நோக்கி ஏறும். மனித வாடை மானின் தலைக்கு மேலே போய்விடும். மாலையில் காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் வழிவதுபோலப் பள்ளத்தை நோக்கி இறங்கும். காலையில் காப்பாற்றிய அதே பரண் மாலையில் காட்டிக் கொடுக்கும். நேர் கீழே நிற்கிற மான், மனிதர் ஏறும்போது கை வைத்த ஏணிப் படியை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்த கதைகளும் உண்டு. நம் தோலிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கில் செல்கள் உதிர்கின்றன. அந்தப் படியில் அவர் இன்னும் இருக்கிறார்.

மனிதரின் காதுக்கும் இதே நிலைதான். பின்னால் சருகு நொறுங்குகிறது. கனமான காலடி, நின்று நின்று வருகிறது. நெஞ்சு படபடக்க அங்குலம் அங்குலமாகத் திரும்பினால், அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணில் ஒன்று கொட்டை புதைத்துக்கொண்டிருக்கும். எடைக்கும் ஓசைக்கும் இங்கே நேரடித் தொடர்பு கிடையாது. விறைத்த சருகு உடையும்போது எழும் ஒலியின் ஆற்றல் சருகிலேயே இருக்கிறது. அதை விடுவிக்கச் சிறு நகம் போதும். மானோ ஒடுங்கிய குளம்பைப் பார்த்து வைத்து, பாரத்தை மெல்ல ஏற்றி நடக்கும். அணில் குதிக்கும், பறண்டும், தோண்டும். அது குளிர்காலத்துக்குச் சேமிக்கும் பருவமும் வேட்டைப் பருவமும் ஒன்று. இதோடு மூளையும் சேர்ந்துகொள்கிறது. எதிர்பார்த்துக் காத்திருக்கும் மூளை, தவறவிட்டுவிடக் கூடாதே என்று சான்றுக்கான வரம்பைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், காத்திருப்பவன் காதுக்குச் சலசலப்பெல்லாம் மான்.

அணிலை மானாக மனிதர் எடுத்துக்கொள்வதுபோல, மனிதரின் தொப்பியை அணிலாக எடுத்துக்கொள்கிறது கொம்பு ஆந்தை. அரையிருட்டில், மரத் தண்டை ஒட்டி, ரோமம் போன்ற ஏதோ ஒன்று இலேசாக அசைகிறது. ஆந்தைக்கு அவ்வளவு போதும். அதன் இறகின் முன்விளிம்பில் சீப்புப்போன்ற பற்கள், மேற்பரப்பில் வெல்வெட் மென்மை, பின்விளிம்பில் குஞ்சம்: மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலை உறிஞ்சிவிடுகின்றன. அதனால் தலையில் அடி விழும்வரை மனிதருக்கு எதுவும் கேட்காது. ஒன்று ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவை இரு கால்களாலும் பற்றுகிறது, தொப்பி போகிறது, உச்சந்தலையில் நகக்கீறல் மிஞ்சுகிறது.

நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்ளும் ஸ்கங்க் என்ற சிறு விலங்கையும் இதே ஆந்தை பிடித்துத் தின்னும். மனிதர் அப்படித் துணிவதில்லை, இருட்டில் தடுக்கி விழுவதைத் தவிர. வரியுடைய ஸ்கங்க் நியாயமான விலங்கு. பீய்ச்சுவதற்கு முன் முன்னங்கால்களைத் தட்டி, வாலைத் தூக்கி எச்சரிக்கும். விளக்கில்லாமல் நடப்பவருக்கு அது தெரிவதில்லை. அந்த நெடி தயால்கள் எனப்படும் கந்தகச் சேர்மங்களால் வருவது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதோடு தயோஅசிடேட்டுகளும் கலந்திருக்கின்றன. இவை முதலில் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டதும் மெல்லச் சிதைந்து புதிதாகத் தயாலை வெளியிடும். குளித்த பிறகு நாற்றம் திரும்பி வருவது இதனால்தான். தக்காளிச் சாற்றில் குளிப்பது பழைய வைத்தியம். அதில் நாற்றம் போவதில்லை, மூக்கு களைத்துப்போவதால் போனதுபோல் தோன்றுகிறது. வேலை செய்யும் கலவையை 1993இல் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர் வெளியிட்டார்: ஒரு லிட்டர் அளவு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கால் கோப்பை சமையல் சோடா, சிறு கரண்டி சோப்புத் திரவம். தயாலில் ஆக்சிஜனை ஏற்றி நாற்றமில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

பரணையே தின்றுவிடும் விலங்கும் உண்டு: வட அமெரிக்க முள்ளம்பன்றி. இலையும் பட்டையும் உண்ணும் உடலில் பொட்டாசியம் மிகுந்து சோடியம் குறையும். கை வியர்வை ஊறிய பலகை, கோடரிக் காம்பு, பூட்ஸ் எல்லாம் அதற்கு உப்புக்கட்டிகள். ஓராண்டு கழித்து வந்து ஏறுபவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

இனி மானின் முறை. இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, மூளையின் பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனை நீண்ட நேரம் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து ஆண்மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. கழுத்து பருக்கிறது, எச்சரிக்கை தேய்கிறது. வேட்டையில் இரையை ஈர்க்க வைக்கும் விலங்குக்குத் தமிழில் ‘பார்வை’ என்ற பழைய சொல் உண்டு. இன்று அந்தப் பார்வை மான் பிளாஸ்டிக்கில் வருகிறது. அதன் தலையில் சிறு கொம்பு இருந்தால், உண்மையான கலைமான் காதைப் பின்னுக்கு மடித்து, உடலை விறைத்து, பக்கவாட்டில் நடந்து வந்து முட்டும். முட்டிய வேகத்தில் பொம்மையின் தலை கழன்று உருளும். வென்ற மான், தான் செய்ததைப் பார்த்து மிரண்டு காட்டுக்குள் பாயும். சண்டையில் எதிராளி பின்வாங்குவான் என்பது அதற்குத் தெரியும். தலை தனியே விழும் என்பது அதன் அனுபவத்தில் இல்லை.

மனிதருக்கும் ஹார்மோன் உண்டு. பெரிய கொம்புள்ள கலைமான் வெளிப்பட்டதும் அட்ரினலின் பாய்கிறது. அது தசைநார்களைத் தூண்டி, இயல்பாகவே இருக்கும் மெல்லிய கைநடுக்கத்தைப் பெரிதாக்குகிறது, இதயம் அதிர்கிறது, கவனம் கொம்பு ஒன்றில் குவிந்து மற்றதெல்லாம் மறைகிறது. இந்த நிலையில் விசையை இழுக்க மறந்து, தோட்டாவை உள்ளே ஏற்றி வெளியே தள்ளும் போல்ட் என்ற தண்டை மட்டும் முன்னும் பின்னும் இழுத்து, தோட்டாக்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் உதிர்த்துவிட்டு, ‘அத்தனை முறை சுட்டும் குறி தவறிவிட்டதே’ என்று மனப்பூர்வமாக நம்பியவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கை பழகிய வேலையைச் செய்தது. நினைவு மீதியை நிரப்பிக்கொண்டது.

சுட்ட மான் எழுந்து ஓடுவது இன்னொரு வகை. குண்டு கொம்பில் பட்டால் அதிர்ச்சி மண்டை ஓடு வழியாக மூளையை உலுக்கும்; முதுகெலும்பின் மேல்முனையை உரசிப் போனால் தண்டுவடம் சற்று நேரம் செயலற்றுப்போகும். மான் மரம் சாய்ந்ததுபோல விழும். சில நிமிடங்களில் நரம்புகள் மீண்டுவிடும். அதற்குள் படம் எடுக்கத் துப்பாக்கியைக் கொம்பின்மேல் சாய்த்து வைத்தவர்களும், வண்டிக்குள் ஏற்றிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பழகியவர்கள் பின்பக்கமாகவே நெருங்குவார்கள். முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். திறந்திருந்தாலும் நீண்ட குச்சியால் விழியைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் கருவிழியைத் தொட்டால் இமைக்கும் அனிச்சைச் செயல் கடைசிவரை நிற்பவற்றில் ஒன்று. இமை அசைந்தால் குச்சியைப் போட்டுவிட்டு விலக வேண்டும். எழுகிற மானுக்கு முன்னே வழி திறந்திருக்கட்டும் என்றுதான் பின்பக்கமாக வரச் சொல்கிறார்கள்.