செம்பருத்திக்கு வெயில் கொண்டுவரும் மாவுப்பூச்சி

மாசி முடிந்து தருமபுரியில் வெயில் ஏறத் தொடங்கியதும், வீட்டு வாசல்களில் நிற்கும் செம்பருத்தியின் துளிர்கள் சுருண்டு, கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி அப்பிக்கொள்கிறது. பலர் நினைப்பதுபோல் அது ஒரே இரவில் வந்து சேர்வதில்லை. குளிர்மாதங்களிலும் பட்டை இடுக்குகளில் சிறு எண்ணிக்கையில் ஒண்டியிருந்ததுதான் இப்போது பெருகுகிறது.

பூச்சியின் உடல் தன் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்வதில்லை என்பதால், சுற்றுப்புறம் சூடேறச் சூடேற, ஓர் எல்லை வரை, முட்டை பொரிவதும் குஞ்சு வளர்வதும் விரைவடைகின்றன. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் தோட்டங்களுக்கும் தருமபுரிக்கும் ஒரே தேதியில் மருந்தடிக்கச் சொல்வது, என் பார்வையில், பொருளற்ற அறிவுரை.

செம்பருத்தியில் காணப்படும் இனங்களுள் பப்பாளி மாவுப்பூச்சியும் ஒன்று. அதன் பெண் 100 முதல் 600 முட்டைகள் வரை மெழுகிழைப் பையில் இடும். பொரிந்து ஊர்ந்து பரவும் குஞ்சுகளின் மேல் மெழுகு தடிக்காதிருக்கும் சில நாட்களில்தான் சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ நன்றாக வேலை செய்யும்.

இப்பூச்சி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ குறைவு. எனவே தேவைக்கு மேல் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றுகிறது. உற்றுப் பார்த்தால், எறும்பு தன் உணர்கொம்பால் பூச்சியைத் தட்டித் துளியைக் கேட்டு வாங்குவதையும், அதற்குக் கைம்மாறாகப் பொறிவண்டுகளை விரட்டுவதையும் காணலாம். இலையில் சிந்திய துளிகளில் கரும்பூஞ்சை படர்கிறது. (கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்தில் இலைகள் பளபளத்துப் பின் கறுப்பதும், தத்துப்பூச்சி இதே முறையில் சிந்தும் கழிவால்தான்.)

2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நுண்குளவிகள் தருவிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் விடப்பட்டன. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்று வளர, பூச்சி உப்பி விறைத்த கூடாகிவிடும். வட்டத் துளையிட்ட அத்தகைய கூடுகள் செடியில் தென்பட்டால் இரசாயன மருந்தைத் தொடக்கூடாது; அதில் குளவிகள் மடிந்துவிட, மெழுகுக்குள் பதுங்கிய பூச்சிகள் தப்பிவிடும். அப்போது தண்டில் எறும்பேற்றத்தைத் தடுத்து, மோசமான கிளைகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டு, மற்றவற்றின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும்.