பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கர் மாறுவது எப்படி?

லேப்டாப்பில் பாட்டு ஓடுகிறது. ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கி, பாட்டு காதில் தொடர்கிறது. சரி, ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால்? படம் டிவிக்குப் போய்விடும், சத்தம் மட்டும் பல நேரம் லேப்டாப்பிலேயே தங்கிவிடும். பார்க்க ஒரே வேலை மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு.

ஹெட்போன் துளையும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் ஒரே ஒலிச் சிப்பின் இரண்டு வாசல்கள். ஹெட்போனின் முனை நுழைந்ததைச் சிப் மின்சுற்றின் மாற்றத்தால் உணர்ந்து, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்குத் தகவல் அனுப்பும். அப்புறம் ஒரு வாசலை அடைத்து மற்றதைத் திறந்தால் போதும். பாட்டை ஓட்டும் செயலிக்கு இது தெரியவே தெரியாது.

டிவி, யூஎஸ்பி ஹெட்போன், ப்ளூடூத் எல்லாம் தனித்தனிக் கருவிகள். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மரபில் ஒலிக்கருவியும் ஒரு கோப்புதான்: செயலி அதைத் திறக்கும், எழுதும், மூடும். அதனால் அந்த மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இயல்புக் கருவியை, அதாவது சத்தம் தானாகப் போகும் கருவியை, மாற்றினாலும், ஏற்கெனவே ஓடும் செயலி தான் திறந்துவைத்த பழைய கருவிக்கே எழுதிக்கொண்டிருக்கும். அதை மூடித் திறக்க வேண்டும். வயரில்தான் கோளாறு என்று பலர் தவறாக நினைப்பது இங்கேதான்.

லினக்ஸில் இதற்காகவே நடுவில் ஒரு ஒலிச் சர்வர் உட்கார்ந்திருக்கிறது. 2004இல் பல்ஸ்ஆடியோ வந்தது. இப்போது அந்த இடத்தைப் பைப்வயர் பிடித்துவருகிறது; ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2021இல் அதற்கு மாறியது. செயலி சர்வரிடம் பேசும், சர்வர் ஆல்சா என்ற, கர்னலின் ஒலிப்பகுதி வழியாகக் கருவியிடம் பேசும். எனவே செயலியைத் தொடாமலே மறுமுனையை மட்டும் பிடுங்கி வேறு கருவியில் மாட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதற்குள் இருக்கிறது. பைப்வயரின் இயல்பு அமைப்பில் ஒலி 1024 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்) கொண்ட கட்டுகளாக நகர்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு கட்டு ஏறத்தாழ 21 மில்லிநொடி. ஒவ்வொரு கருவிக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, இரண்டு கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகாது. கருவி மாறினால் அடுத்த கட்டு எப்போது வேண்டும் என்று கேட்கும் பொறுப்பும் புதிய கடிகாரத்துக்குக் கைமாறும்.

இன்னொன்று: சர்வருக்கு ஞாபகசக்தி உண்டு. ஒருமுறை பிரவுசரின் சத்தத்தைக் கையால் டிவிக்கு அனுப்பியிருந்தால், டிவி இணைந்திருக்கும்போதெல்லாம் அங்கேயே அனுப்பப் பார்க்கும். இயல்புக் கருவியை எத்தனை முறை மாற்றினாலும் பிரவுசர் அசையாது. பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியின் ப்ளேபேக் பகுதியில், ஓடும் ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்தில் கருவியின் பெயர் இருக்கும். அங்கே பிரவுசருக்கு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு அந்த வரியிலிருந்தே தொடரும்.