சுறாவின் புள்ளியில் நட்சத்திரக் கணக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டுப் பக்கம் மார்ச் பிறந்தால் திமிங்கலச் சுறாக்கள் வரத் தொடங்கும். பவளங்கள் சினையை உதிர்க்கும் காலம் அது. உலகின் மிகப் பெரிய மீன், பதினைந்து மீட்டரைத் தாண்டியும் வளரும். தின்பதோ மிதவை உயிரிகளையும் சின்னஞ்சிறு மீன்களையும். தமிழில் அம்மணி உழுவை என்ற பெயரும் இதற்கு உண்டு. மனிதரை ஒன்றும் செய்யாது.

1990களின் நடுவில் பிராட் நார்மன் என்ற கடல் உயிரியலாளர் அங்கே இவற்றைப் படமெடுத்துச் சேர்க்கத் தொடங்கினார். போன வருஷம் வந்த சுறாதான் இந்த வருஷமும் வந்திருக்கிறதா, இல்லை இது வேறா? இதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஒரு பருவத்தில் நூறு தடவை சுறா கண்ணில் பட்டால் அது நூறு சுறாவாக இருக்கலாம். பத்துச் சுறாக்கள் பத்துப் பத்து முறை வந்துபோனதாகவும் இருக்கலாம். நூறு என்று நம்பி நிம்மதியாக இருந்துவிட்டால், அந்தப் பத்தும் போன பிறகுதான் உண்மை தெரியவரும்.

விடை அதன் தோலிலேயே இருக்கிறது. நீலச்சாம்பல் முதுகில் கோலத்துக்கு வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் புள்ளி அமைப்பு இன்னொன்றுக்கு வராது. ஆண்டுகள் போனாலும் மாறாது. கடைசிச் செவுள் பிளவுக்குப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதியைத்தான் படமெடுக்கிறார்கள். நீந்தும்போது வால் பக்கம் வளைந்து நெளியும், இந்த இடம் அவ்வளவாக வளையாது. இடப்பக்க அமைப்பும் வலப்பக்க அமைப்பும் வேறு வேறு என்பதால், முதலில் இடப்பக்கத்தை எடுப்பது வழக்கம்.

படங்கள் சில டஜன் இருக்கும்வரை கண்ணால் ஒப்பிட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் குவிந்தால்? ஜேசன் ஹோம்பெர்க் என்ற மென்பொருள் நிரலாளர் இதற்கு வழி தேடியபோது, அவருடைய நண்பரான வானியற்பியலாளர் சாவென் அர்சுமானியனுக்கு ஒன்று பொறி தட்டியது. கறுப்பு வானில் வெள்ளைப் புள்ளிகளைப் பொருத்துவதுதானே வானியலாளர்களின் அன்றாட வேலை? ஒரே வானப்பகுதியை இரண்டு தொலைநோக்கிகள் வெவ்வேறு சாய்விலும் வெவ்வேறு உருப்பெருக்கத்திலும் எடுத்திருந்தால், எந்த நட்சத்திரம் எது என்று கண்டுபிடிக்க எட்வர்ட் குரோத் 1986இலேயே ஒரு முறை வகுத்திருந்தார். அதைச் சுறாவுக்கு ஏற்றபடி மாற்றி, அர்சுமானியன், ஹோம்பெர்க், நார்மன் மூவரும் 2005இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அடிப்படை, பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் ஒரு முக்கோணம். படத்தில் 20 புள்ளிகள் இருந்தால் 1,140 முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மிக நீண்ட பக்கத்துக்கும் மிகக் குறுகிய பக்கத்துக்கும் உள்ள விகிதத்தையும், அவற்றுக்கு இடையிலான கோணத்தையும் கணினி குறித்துக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளி எடுத்தாலும் ஆறு மீட்டர் தள்ளி எடுத்தாலும், கேமராவைச் சுழற்றிப் பிடித்திருந்தாலும், இந்த விகிதமும் கோணமும் மாறாது.

ஆனால் ஆயிரம் முக்கோணங்களில் சில தற்செயலாகவும் பொருந்துமே? எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இரண்டு படங்களும் ஒரே சுறாவுடையவை என்றால், ஒரு முக்கோணம் இரண்டாவது படத்தில் 1.4 மடங்கு பெரிதாக இருக்கும்போது மற்றவையும் ஏறத்தாழ 1.4 மடங்குதான் இருக்க வேண்டும். தற்செயல் பொருத்தங்களோ ஒன்று பாதியாக, ஒன்று மூன்று மடங்காகச் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் முக்கோணங்கள், எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி இணை என்று காட்டிக்கொடுத்துவிடும். சுறாவுக்கு நேராக நிற்காமல் மிகச் சரிவான கோணத்திலிருந்து எடுத்த படத்தில் முக்கோணங்களே நசுங்கிவிடுவதால் அங்கே இந்த முறை தடுமாறும். அதனால் கணினி பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் கொடுக்கும். இறுதியாக ஒப்பிட்டு உறுதி செய்வது மனிதக் கண்.

ஆளடையாளம் கிடைத்துவிட்டால் எண்ணிக்கையும் கிடைக்கும். ஓர் உதாரணம்: முதல் பருவத்தில் 50 சுறாக்களை அடையாளம் கண்டீர்கள். அடுத்த பருவத்தில் பார்த்த 40இல் 20 பழையவை. பாதி பழையவை என்றால், மொத்தத்தில் பாதியை முதல் பருவத்திலேயே பார்த்துவிட்டீர்கள். ஆக மொத்தம் சுமார் 100. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் சேரும்போது கணக்கு சிக்கலாகும், ஆனாலும் அடித்தளம் இதுவே.

1995இல் பதிவான முதல் சுறாவுக்கு, சிதைந்த வாலை வைத்து ஸ்டம்பி என்று பெயர். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிங்கலூவுக்கு வந்தது. வலை, கப்பல் மோதல், இறைச்சிக்கும் துடுப்புக்குமான வேட்டை எல்லாவற்றுக்கும் தப்பி ஓர் உயிர் திரும்பி வந்ததைப் பெயர் சொல்லி அறிய முடிந்ததை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இந்தப் படத் தொகுப்புக்குப் பல நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் முக்குளிப்பவர்களும் படங்கள் அனுப்பினார்கள். 2017இல் வெளியான தொகுப்பாய்வில் 54 நாடுகளிலிருந்து சுமார் 6,000 தனிச் சுறாக்கள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்த இனம் உலகளவில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டிருந்தது. இந்தியா 2001லேயே இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது.

எந்தக் கடலிலாவது இதை எதிர்கொண்டால் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். சில மீட்டர் விலகி, இடப்பக்கத்துக்கு நேராக நின்று, செவுளும் மார்புத் துடுப்பும் ஒரே சட்டத்தில் விழுமாறு ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.