பரண் துப்பாக்கியும் உப்புத்தாளும்

போன ஆடி மாதம் கணியம்பாடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அரிசிச் சாக்கில் சுற்றிய நீளமான பொருளை என் மேசைமேல் வைத்து, "தாத்தா மிலிட்டரிங்க ஐயா. பரண்ல கிடந்துச்சு. பாலிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்" என்றார். சாக்கைப் பிரித்ததும் வார்னிஷ் வாசனைதான் முதலில் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்.

வேலூரில் லைசென்ஸோடு துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் எனக்கு. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கிற மாவட்டம், அதனால் இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. ஆனால் ராணுவத்தில் யாருக்கும் துப்பாக்கியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. பணி முடிந்து வருகிறவரின் ஆயுதம் 'கோத்' என்கிற படைப்பிரிவின் ஆயுத அறையில்தான் இருக்கும். பரணில் இருப்பது தாத்தா பிற்பாடு லைசென்ஸ் எடுத்து வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் கணக்கில் வராத துப்பாக்கி.

இது முதல் வகை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் லீ என்ஃபீல்டு. பார்வைக்கு .303 குழல் அளவுள்ள ராணுவ ரைஃபிள்தான். ஆனால் தோட்டாப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தை மரத்துண்டு வைத்து அடைத்திருந்தது. காவலர்களுக்காக .410 அளவுக்கு மாற்றி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி செய்த 'மஸ்கட்' வகைத் துப்பாக்கி அது. இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. .303 தடை செய்யப்பட்ட வகை, சாதாரண லைசென்ஸில் வராது.

லைசென்ஸ் புத்தகம் எங்கே என்றேன். தாத்தா பெயரில் இருந்ததாம். அவர் இறந்து ஒன்பது வருடம். லைசென்ஸ் ஆளோடு போய்விடும், தம்பி. அதற்குப் பிறகு துப்பாக்கி வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும், அன்றைக்கு ஆட்டோவில் வந்த அரை மணி நேரமும் குற்றம்தான். வாரிசுகள் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் தங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கவும் நீங்களாகத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், முதலில் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு, காகிதத்தோடு போய்ச் சொல்லுங்கள்.

"துருப்பிடிச்ச இரும்புதானே?" என்று கேட்பார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான். பழுதுபார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பழுதை நீங்களே பார்த்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை. யூட்யூப் வீடியோ பார்த்து ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் இதை இன்னொரு தரம் படியுங்கள்.

அப்புறம், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. ஜவ்வாது மலைப் பக்கம் கிடைக்கிற நாட்டுத் துப்பாக்கிதான் என்னை மிகவும் பயமுறுத்துவது. முன்வாய் வழியாகக் கரிமருந்து கெட்டித்தது, ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடமானாலும் வெடிக்கும். நான் பக்கவாட்டில் நின்றுகொண்டு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பார்ப்பேன். குச்சி அடிவரை போகாமல் நடுவழியில் நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துப்பாக்கி இருந்தால் குச்சியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

காகிதம் சரியாக இருக்கிற புதுச் சேகரிப்பாளர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய ராணுவத் துப்பாக்கியின் மதிப்பு அதன் மேல் பதித்த எழுத்தில் இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டுக்குப் போல்ட் என்று பெயர். அந்தப் போல்ட் கைப்பிடியின் பின்புறம் இருக்கும் எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் போல்ட் மாறியிருக்கிறது, அதைச் சுடுவது ஆபத்து. கட்டை சேரும் இரும்பு வளையத்தில் கிரீடம், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு எல்லாம் இருக்கும். தம்பியின் துப்பாக்கியில் கட்டையோடு நிற்காமல் அங்கேயும் உப்புத்தாள் போயிருந்தது. 19 தெரிந்தது, அதற்குப் பிறகு வழவழப்பு.

துருவுக்கு மெல்லிய மெஷின் ஆயில் தடவி, ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடையுங்கள். போகாவிட்டால் இன்னொரு நாள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும். கட்டைக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய்தான் அந்தக் காலத்து வழக்கம், வார்னிஷ் அல்ல. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஆம்பூரில் ஆசையாகத் தைத்த தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. ஊர்ப் பெருமை எனக்கும் இருக்கிறது, ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட மருந்தின் மிச்சம் இரும்பை அரிக்கும். உறை தோளில் மாட்டிப் போவதற்கு. வீட்டில் வெறும் பருத்தித் துணி போதும்.

அந்த மஸ்கட்டை ரெஜிஸ்தரில் எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தேன். தம்பியின் விண்ணப்பம் இன்னும் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. வார்னிஷை எப்படி எடுப்பது என்று மாதம் ஒரு தடவை போன் செய்கிறார்.