எஞ்சினை அப்டேட் செய்யும் முன் சேவ் கோப்பைக் கவனியுங்கள்

கதை விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான எஞ்சினில் புது வெர்ஷன் வந்தால், குழுவில் எல்லாருடைய கண்ணும் முதலில் திரையில் தெரியும் வசதிகள் மீதுதான் போகும். முப்பரிமாண மேடை, நகரும் கேமரா, படத்தின் ஒளி, நிறத்தை மாற்றும் ஷேடர் என்று ஆளுக்கொன்றை முயன்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் பிறர் எழுதிய ஸ்கிரிப்டைச் சரிபார்ப்பதே வேலையாகிப்போன எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: கேமரா நகரவில்லை என்று யாரும் ஒரு கதையைப் பாதியில் கைவிடுவதில்லை. பல இரவுகள் படித்து, யோசித்து யோசித்துத் தேர்வு செய்து வந்த கதை மறுநாள் லோட் ஆகவில்லையென்றால் கைவிட்டுவிடுவார்கள். திரும்பி வருவதும் அரிது.

படமும் வசனமுமாக நகரும் விஷுவல் நாவல் எழுதுகிறவர்கள் அதிகம் கையாளும் ரென்பையை வைத்தே பேசுவோம். 2004 முதல் வளர்ந்துவரும் இந்தத் திறமூல எஞ்சின், 2022இல் வந்த 8.0 வெர்ஷனில் பைத்தான் நிரல்மொழியின் 3ஆம் பதிப்புக்கு மாறியது. அடுத்த ஆண்டு வந்த 8.1இல், பலர் கவனிக்காமலே தாண்டிப்போன ஒரு வசதி இருக்கிறது. ஆட்டக்காரர் விட்ட இடத்தைப் பதிந்து வைப்பதுதான் சேவ் கோப்பு. வேறொரு கணினியில் உருவான சேவ் கோப்பைத் திறக்கப் போனால், எஞ்சின் நிறுத்தி எச்சரிக்கும். இதை நம்புகிறீர்களா என்று கேட்கும்.

எதற்கு இந்தக் கேள்வி? ரென்பை விளையாட்டின் நிலையை, பைத்தான் தரவைக் கோப்பாக்கும் பிக்கிள் என்ற முறையில் எழுதி வைக்கிறது. பிக்கிள் கோப்பைத் திறக்கும்போது அதற்குள் யாராவது ஒளித்து வைத்த கட்டளையும் சேர்ந்து ஓடிவிட முடியும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த பிக்கிள் கோப்பைத் திறக்கவே கூடாது என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. 'எல்லா முடிவுகளும் திறந்த சேவ்' என்று யாரோ பகிர்வதை இறக்கி ஃபோல்டரில் போடுகிறவர்கள் ஏராளம். அது படக்கோப்பு மாதிரி வெறும் தரவு என்ற நினைப்புதான் காரணம். இந்த எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்கும் குழுக்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எடுக்காதீர்கள். அது எதற்காக வருகிறது என்று விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

எஞ்சின் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான். மீதி நம் கையில். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். கதாநாயகியின் பையில் உள்ள பொருள்களுக்கு ஒரு லிஸ்ட் வேண்டும். எழுதுகிறவர் அதை டிஃபைன் (define) என்ற கட்டளை போட்டு அறிவித்துவிடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் சாவி கிடைக்கிறது, லிஸ்டில் சேர்க்கிறார், சேவ் செய்கிறார், உடனே லோட் செய்து பார்க்கிறார். சாவி இருக்கிறது. எல்லாம் சரி என்று அனுப்பிவிடுகிறார். ஆட்டக்காரரோ விளையாட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் திறந்தால் பை காலி, கதவு திறக்காது, கதை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

டிஃபைன் என்பது மாறாதவற்றுக்கு. விளையாட்டு தொடங்கியபின் மாறும் எதையும் டிஃபால்ட் (default) என்ற கட்டளை கொண்டுதான் அறிவிக்க வேண்டும். டிஃபைனில் பிறந்த லிஸ்டுக்குள் எதைச் சேர்த்தாலும், அந்த மாற்றம் சேவ் கோப்புக்குள் போவதில்லை. விளையாட்டை மூடாமல் சோதிக்கும்வரை பழைய லிஸ்ட் நினைவகத்திலேயே கிடப்பதால் கோளாறு வெளியே தெரிவதும் இல்லை. ஆகவே சேவ் சோதனை என்றால் சேவ் செய்து, முழுக்க மூடி, மறுபடி திறந்து லோட் செய்வது. இதில் சுருக்குவழி கிடையாது.

டிஃபால்ட்டுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அப்டேட்டில் நீங்கள் சேர்த்த புது மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) பழைய சேவில் இருக்காது. லோட் ஆகும்போது ரென்பையே அதன் தொடக்க மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அதற்கு மேல் சரிசெய்ய வேண்டியவற்றை, லோட் ஆனதும் ஓடும் ஆஃப்டர்லோட் (after_load) லேபிளில், அதாவது அந்தப் பெயரிட்ட ஸ்கிரிப்ட் பகுதியில், எழுதலாம். அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் சில சேவ் கோப்புகளை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த அப்டேட்டுக்கு அவைதான் உண்மையான பரீட்சை.

தமிழில் கதை எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். 'கொ' என்ற எழுத்தைக் கணினி சேமிப்பது 'க', அதன் பின்னால் ஓர் உயிர்க்குறி என்ற வரிசையில். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யாத எஞ்சினில் தமிழ் வாக்கியம் சிதறித் தெரியும். அதனாலேயே வசனங்களைப் படமாக மாற்றி ஒட்டிய விளையாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வீண் உழைப்பு! ரென்பையின் 8ஆம் வரிசை இப்போது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தி எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கிறது. என்னைக் கேட்டால் எந்த ஷேடரையும்விடப் பெரிய வரவு இதுதான். எழுத்துருவை மட்டும் நீங்களே சேர்க்க வேண்டும். இயல்பாக வரும் டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்று போதும். வசனம் எழுத்தெழுத்தாக விரியும்படி வைத்திருந்தால் 'ணை', 'கோ', 'ஸ்ரீ' போன்றவை பாதியில் உடைகின்றனவா என்று மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

சோதனைப் பட்டியலில் இன்னும் இரண்டு விசைகள். வி விசையை அழுத்தினால் விளையாட்டு தன் வசனத்தைத் தானே வாசிக்கும். ஷிஃப்ட், ஏ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்தின் அளவையும் எழுத்துருவையும் மாற்றும் பலகை திறக்கும். இரண்டும் எஞ்சினோடு சும்மா வருபவை. ஆனால் பட்டனுக்குப் படத்தை மட்டும் வைத்து, படத்துக்குப் பதிலாக வாசிக்க வேண்டிய மாற்று உரையை எழுதாமல் விட்டால் வாசிக்க அங்கே ஒன்றும் இருக்காது. எழுத்தைப் பெரிதாக்கினால் தேர்வுப் பட்டியலின் கடைசி வரி திரைக்கு வெளியே போகவும் கூடும். இந்த இரண்டையும் வெளியீட்டுக்கு முந்தைய நாளுக்கு ஒத்திப்போடாமல், முதல் அத்தியாயம் ஓடத் தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.